துணைக்குத் திடீரென ஒரு கண் மங்கினால்: பார்வை நரம்பு அழற்சியை வன்னியில் சமாளிக்கும் முறை

கண் சிவக்கவில்லை. பீளையும் இல்லை. ஆனால் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் எதிரே நிற்பவரின் முகம் நடுவில் அழிந்து கிடக்கிறது. கண்ணை இடம் வலமாக அசைத்தால் உள்ளே ஆழத்தில் நோகிறது. நேற்று இருந்ததைவிட இன்று மோசம். உங்கள் மனைவியோ கணவரோ இப்படிச் சொன்னால் பார்வை நரம்பு அழற்சியை நினைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இதை ஒப்ரிக் நியூரைற்றிஸ் என்பார்கள். 20 முதல் 50 வயதுக்குள் அதிகம் வரும், ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வரும். பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் தொடங்கும். சில மணித்தியாலங்களில் இருந்து சில நாட்களுக்குள் பார்வை இறங்கி, ஒன்று இரண்டு கிழமைக்குள் அதன் அடிமட்டத்தைத் தொடும்.

கண்ணையும் மூளையையும் இணைக்கும் நரம்பில்தான் கோளாறு. மின்வயருக்கு மேலுறை இருப்பதுபோல இந்த நரம்புக்கும் மயலின் என்ற உறை உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே அந்த உறையைத் தாக்கி வீங்கச் செய்கிறது. மூன்று பேரில் இரண்டு பேருக்கு வீக்கம் கண்ணுக்குப் பின்னால் இருப்பதால், முதல் நாள் வெளிச்சம் அடித்துப் பார்க்கும் வைத்தியருக்கும் கண்ணின் உள்பக்கம் சாதாரணமாகவே தெரியலாம். "கண்ணில ஒண்டும் இல்லை" என்ற சொல்லைக் கேட்டு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். இரண்டு கண்மணிகளுக்கும் மாறி மாறி ரோச் அடித்து அவை சுருங்கும் விதத்தைப் பார்க்கும் சோதனையில்தான் இந்த நோய் பிடிபடும். அதைச் செய்தார்களா என்று கேட்பதில் தவறில்லை.

வீட்டில் ஐந்து நிமிடச் சோதனை

போவதற்கு முன் இதைச் செய்து ஒரு கொப்பியில் திகதி, நேரத்தோடு எழுதுங்கள். பிறகு கிளினிக்கில் "எப்ப தொடங்கினது, எவ்வளவு குறைஞ்சது" என்று கேட்கும்போது இந்தப் பக்கம்தான் பேசும்.

1. முற்றத்து வெளிச்சத்தில் கதிரையில் இருத்துங்கள். வழமையாகக் கண்ணாடி போடுபவர் போட்டபடியே இருக்கட்டும். ஒரு கண்ணை உள்ளங்கையைக் குவித்து மூடச் சொல்லுங்கள். விரலால் அழுத்தி மூடினால் அந்தக் கண் பிறகு சில நிமிடம் மங்கி, கணக்கைக் குழப்பும்.

2. மூன்று மீற்றர் தள்ளிக் கலண்டரைப் பிடித்து, பெரிய திகதி எண்ணை வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ஒரு மீற்றரில் விரல்களைக் காட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் கை அசைவது தெரிகிறதா, அதுவும் இல்லையென்றால் ரோச் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். எந்தப் படியில் நின்றது என்பதை எழுதுங்கள்.

3. சிவப்புப் போத்தல் மூடி அல்லது ஒரு செவ்வரத்தம்பூவை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே காட்டுங்கள். பாதித்த கண்ணுக்கு அது வெளிறி, செங்கல் நிறமாகவோ சாம்பலாகவோ தெரியும். நல்ல கண்ணில் பத்துக்குப் பத்து என்றால் இந்தக் கண்ணில் எத்தனை என்று கேளுங்கள். எழுத்து வாசிக்க முடிகிறவருக்கும் சிவப்பு வெளிறியிருந்தால் நரம்பில் கோளாறு இருக்கலாம்.

4. முகத்துக்கு முகம் இருந்து, உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லி, நான்கு மூலைகளில் இருந்தும் விரலைக் கொண்டுவாருங்கள். எந்தப் பக்கம் பிந்தித் தெரிகிறது என்று குறியுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு முறை போதும், அதுவும் காலையில். வருகிற உறவினர் ஒவ்வொருவரும் "இது எத்தனை விரல், சொல்லு பாப்பம்" என்று சோதிப்பதை முதல் நாளே நிறுத்துங்கள். அது நோயாளியை உடைத்துவிடும், வேறு பயன் எதுவும் இல்லை.

1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டிய நேரம்

பார்வை போனதெல்லாம் இந்த நோய் அல்ல. சில காரணங்களுக்கு மணித்தியாலம் எண்ணப்பட வேண்டும். நோவே இல்லாமல் ஒரு நொடியில் திரை விழுந்ததுபோல் இருண்டால், கண்ணுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி அடைத்திருக்கலாம். முகம் கோணுதல், கை சோர்தல், பேச்சுக் குழறுதல் சேர்ந்தால் பாரிசவாதம். கண் சிவந்து, மின்குமிழைச் சுற்றி வட்டம் தெரிந்து, தலையிடியோடு வாந்தி வந்தால் கண்ணின் உள்ளழுத்தம் ஏறியிருக்கிறது. மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, பூச்சி பறப்பதுபோல் புள்ளிகள், ஓரத்தில் இருந்து இறங்கும் நிழல் என்றால் விழித்திரை கழன்றிருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவருக்கு நெற்றிப்பொட்டில் வலியும் சப்பும்போது தாடை நோவும் இருந்தால் அது இன்னொரு நாடி நோய். அன்றே சிகிச்சை தொடங்காவிட்டால் மற்றக் கண்ணும் போகலாம்.

கசிப்பு குடித்த மறுநாள் இரண்டு கண்ணும் மங்கி, வயிறு நொந்து, மூச்சு வாங்கினால் மெதனோல் நஞ்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள். குடித்ததை வைத்தியரிடம் ஒளிக்கக் கூடாது. மருந்து வேறு, நேரம் மிகக் குறைவு. காசநோய்க்கு மருந்து எடுப்பவர் என்றால் சிகிச்சை அட்டையையும் மருந்தையும் கொண்டுபோங்கள். எதம்பியூட்டோல் என்ற மருந்து பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடியது.

இவை எதுவும் இல்லாமல், முதலில் சொன்ன மாதிரி நாட்கணக்கில் மங்கினாலும் அன்றோ மறுநாளோ போய்ச் சேருங்கள். "வாற செவ்வாய் கண் கிளினிக் இருக்கு, அப்ப போவம்" என்று தள்ள வேண்டாம். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கங்களில் இருந்து முதலில் அருகிலுள்ள சிறிய வைத்தியசாலைக்குப் போனால், கண் மருத்துவ நிபுணர் இருக்கும் இடத்துக்கு மாற்றல் கடிதமும் முடிந்தால் வாகனமும் கேட்டு வாங்குங்கள். கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளில் எது உங்களுக்குக் கிட்டவோ, அங்கே நிபுணர் அன்று இருக்கிறாரா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்பினால் ஒரு நாள் மிச்சம். பெரிய இடம் தேவைப்பட்டால் வடக்கே யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை, தெற்கே அனுராதபுரம் போதனா வைத்தியசாலை. தெற்கே போகிறவர்கள் நோய் வரலாற்றைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு தாளில் எழுதுவித்துக்கொண்டு போவது நல்லது.

பையில் போட வேண்டியவை: அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பிகள், எடுக்கும் எல்லா மருந்துகளும் அவற்றின் உறையோடு, சோதனை எழுதிய கொப்பி, இரண்டு நாளுக்கு உடுப்பு, தொலைபேசி சார்ஜர். மற்றக் கண் ஏற்கெனவே போரிலோ வேறு காயத்திலோ போனவர் என்றால் அதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். ஒற்றைக் கண்ணையே நம்பியிருப்பவருக்கு வைத்தியர்கள் எடுக்கும் முடிவு வேறாக இருக்கும்.

போகும் வழியில் கண்ணாடிக் கடையில் இறங்க வேண்டாம். எந்த வில்லையும் இந்த மங்கலைத் தெளிவாக்காது. நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், தேன் எதையும் கண்ணுக்குள் விட வேண்டாம். வீக்கம் கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது, விடுகிற துளி அங்கே போகாது. கண்ணில் கிருமி தொற்றினால் இரண்டு நோயாகும்.

ஊசி மருந்தும் குளிசையும்

வழமையான சிகிச்சை மெதைல்பிரெட்னிசொலோன் என்ற, வீக்கத்தை அடக்கும் ஸ்ரெரொயிட் மருந்தை நாளுக்கு 1 கிராம் வீதம், 3 முதல் 5 நாள், சேலைனில் கலந்து நாளத்தால் ஏற்றுவது. அவசரமாக ஏற்றினால் இதயத்துடிப்புக் குழம்பலாம், ஆகவே மெதுவாக ஏறட்டும். குழாயை நீங்கள் தொட்டு வேகமாக்க வேண்டாம். அதன்பின் உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில் பிரெட்னிசொலோன் குளிசை பதினொரு நாள், பிறகு படிப்படியாகக் குறைப்பது என்ற ஒழுங்கு பரவலாக உள்ளது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 5 மில்லிகிராம் குளிசையில் நாளுக்கு 12 வரும். இவ்வளவா என்று பயந்து நீங்களாகப் பாதியாக்க வேண்டாம்.

இங்கே ஒரு விடயம் முக்கியம். 1992இல் முதல் முடிவுகள் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 15 மருத்துவ நிலையங்களில் நடந்தது, இரண்டு உண்மைகளைக் காட்டியது. நாளத்தால் ஏற்றும் மருந்து பார்வையை விரைவாக மீட்கிறது, ஆனால் ஒரு வருட முடிவில் மருந்து ஏற்றாதவரின் பார்வையும் ஏறக்குறைய அதே அளவுக்கு வந்துவிடுகிறது. அதே ஆய்வில், ஊசி இல்லாமல் அந்தச் சாதாரண அளவுக் குளிசையை மட்டும் எடுத்தவர்களில் கூடுதலானோருக்கு நோய் திரும்ப வந்தது. ஆகவே யாரோ சொன்னார்கள் என்று பாமசியில் பிரெட்னிசொலோன் வாங்கிக் கொடுக்காதீர்கள். நன்மைக்குப் பதில் தீங்கு வரும்.

மருந்து தொடங்குமுன் இரத்தச் சீனி, பிறஷர், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே பார்ப்பார்கள். சலரோகம், பழைய காசநோய், மஞ்சட்காமாலை, வயிற்றுப்புண், கர்ப்பம், பாலூட்டல் இருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வெறுங்காலோடு வயலில் நிற்கிறவர் என்பதையும் சொல்லுங்கள். மண்ணில் இருந்து காலால் ஏறும் ஒருவகைப் புழு ஸ்ரெரொயிட் எடுக்கும்போது உடல் முழுக்கப் பரவக்கூடும், அதற்கு முன்கூட்டியே மருந்து உண்டு.

ஏற்றும் நாட்களில் வாயில் இரும்பு ருசி, முகம் சிவத்தல், நித்திரையின்மை, அடங்காப் பசி வரும். குணமும் மாறும். சாதுவானவர் சினப்பார், காரணமின்றி அழுவார். மருந்தின் வேலை அது என்று பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். குளிசையைக் காலைச் சாப்பாட்டோடு கொடுத்தால் இரவு நித்திரை ஓரளவு வரும், வயிறும் எரியாது. கருவாடு, ஊறுகாய், மிக்சர் இந்த நாட்களுக்கு வேண்டாம், உப்பு நீரைக் கட்டி பிறஷரை ஏற்றும். இனிப்பும் குறையட்டும். மூன்று கிழமைக்கு மேல் குளிசை எடுத்தவர் திடீரென நிறுத்தினால் சோர்வு, வாந்தி, பிறஷர் விழுதல் என்று ஆபத்தில் முடியும். குறைக்கும் ஒழுங்கைக் கலண்டரில் ஒவ்வொரு திகதிக்குள்ளும் குளிசை எண்ணிக்கையாக எழுதி, எடுத்ததும் வெட்டிவிடுங்கள். காய்ச்சல் வந்தால் பனடோலோடு வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்து காய்ச்சலின் கடுமையை மறைக்கும், மழைக்கால வயல் வேலையில் எலிக்காய்ச்சலும் உண்டு.

ஸ்கானுக்கு முன் சொல்ல வேண்டியது

மூளைக்கும் கண் நரம்புக்கும் எம்.ஆர்.ஐ ஸ்கான் கேட்பார்கள். அது பெரும் காந்தம். வன்னியில் உடம்பில் செல் துண்டு இல்லாத குடும்பம் குறைவு. 2009க்குள் பட்ட காயம், ஆறிய வடு, "அது எங்கயோ உள்ளுக்குக் கிடக்கு" என்று மறந்துபோன துண்டு, எல்லாவற்றையும் ஸ்கான் எழுதும் வைத்தியருக்கும் ஸ்கான் அறை ஊழியருக்கும் தனித்தனியே சொல்லுங்கள். கண்ணிலோ மூளையிலோ முள்ளந்தண்டுக்கு அருகிலோ உலோகம் இருந்தால் காந்தம் அதை அசைக்கலாம், சூடாக்கலாம். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவெடுப்பார்கள். அதற்காக ஸ்கான் பிந்தினாலும் பிந்தட்டும். செயற்கைக் கால், காது கேட்கும் கருவி, மணிக்கூடு எல்லாம் வெளியே. தாலிக்கொடியையும் கழற்றச் சொல்வார்கள். முதல் நாளே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு போனால் அந்த வாசலில் மனம் கலங்காது. சிறுநீரக நோய் உள்ளவர் அதையும் சொல்ல வேண்டும், ஸ்கானுக்கு ஏற்றும் சாயம் எல்லாச் சிறுநீரகத்துக்கும் ஏற்றதல்ல.

இந்த அழற்சி தனியாக வந்து போகலாம். மல்ரிப்பிள் ஸ்குளரோசிஸ் என்ற மூளை நரம்பு நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். மேற்சொன்ன ஆய்வில் இருந்தவர்களை 15 வருடம் பின்தொடர்ந்தபோது, முதல் ஸ்கானில் மூளையில் வெள்ளைத் தழும்பு இல்லாதவர்களில் நான்கில் ஒருவருக்கும், இருந்தவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கும் அந்த நோய் வந்தது. அது பெரும்பாலும் வெள்ளையர்கள் மீதான கணக்கு. நம்மைப் போன்ற ஆசிய மக்களில் அந்த நோய் குறைவு, எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் வேறு நோய்களான நியூரோமயலைற்றிஸ் ஒப்ரிக்கா, மொக் எதிர்ப்பொருள் நோய் ஆகிய இரண்டின் பங்கு கூடுதல். இரண்டையும் இரத்தச் சோதனையில் தேடலாம்.

நியூரோமயலைற்றிஸ் பொல்லாதது. இரண்டு கண்ணும் ஒன்றாகப் போதல், வெளிச்சம்கூடத் தெரியாத அளவு மங்கல், கால் மரத்தல், சிறுநீர் கட்டுதல், நாட்கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியும் அதன் அடையாளங்கள். விக்கலை வயிற்றுக் கோளாறு என்று எண்ணிச் சொல்லாமல் விடுகிறார்கள். கண் மங்குவதற்கு முந்தின மாதங்களில் அப்படி ஏதும் வந்ததா என்று யோசித்துச் சொல்லுங்கள். இதில் ஊசிக்குப் பார்வை எழும்பாவிட்டால் குருதித் திரவத்தை மாற்றும் சிகிச்சையை விரைவாகத் தொடங்க வேண்டும். இரத்தச் சோதனைக்கு அதற்கு முன்பே குருதி எடுத்திருக்க வேண்டும். பின்னர் நீண்டகால மருந்து வரும். அதை "இப்ப சுகம்தானே" என்று நிறுத்தினால் அடுத்த தாக்குதல் பார்வையை நிரந்தரமாகக் கொண்டுபோகலாம்.

வளவையும் வீட்டையும் ஒழுங்குபடுத்தல்

ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியதும் குடும்பங்கள் செய்யும் முதல் வேலை நோயாளியைக் கட்டிலில் இருத்தி, தண்ணீரில் இருந்து சோறுவரை கையில் கொடுப்பது. அன்புதான், ஆனால் இரண்டு கிழமையில் ஆள் தானாக எழும்பவே பயப்படுவார். வளவை மாற்றி, ஆளை நடமாட விடுங்கள்.

கிணறுதான் முதல். கட்டு மூன்று அடிக்குக் குறைவென்றாலோ கட்டே இல்லையென்றாலோ, வாயை மரச்சட்டமும் கம்பிவலையும் போட்டு மூடுங்கள். குசினி வாசலில் ஒரு பீப்பாய் வைத்துக் காலையில் நீங்கள் நிரப்பிவிட்டால், முதல் கிழமைகளில் அவர் கிணற்றடிக்குப் போக வேண்டிய தேவையே இல்லை.

மலசலகூடம் வீட்டில் இருந்து தள்ளி இருந்தால் கயிறு கட்டுங்கள். 8 அல்லது 10 மில்லிமீற்றர் நைலோன் கயிறு, இடுப்பு உயரம், மூன்று மீற்றருக்கு ஒரு கட்டை. கட்டை தூரமானால் கயிறு தொய்ந்து காலில் தடக்கும். இளகிய மணலில் கட்டையை இரண்டு அடி ஆழத்துக்கு இறக்குங்கள், ஆள் சாயும்போது சரியக் கூடாது. படிக்கு ஒரு மீற்றர் முன்னால் கயிற்றில் ஒரு முடிச்சு, கதவுக்கு முன்னால் இரண்டு. கை முடிச்சைத் தொட்டதும் கால் மெதுவாகும். இரவில் கயிறு இருந்தாலும் ரோச்சும் செருப்பும் கட்டாயம். பாம்பு கிடப்பதை அவரால் காண முடியாது, நிலத்தை மிதித்துச் சத்தம் எழுப்பியபடி போகட்டும்.

தலை உயரத்தில் இருப்பதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். உடுப்புக் கொடியை நடக்கும் வழியில் இருந்து அகற்றுங்கள், கழுத்தை வெட்டும். கொட்டிலின் தாழ்ந்த தகர ஓரத்துக்குப் பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாகக் கீறி மாட்டிக் கம்பியால் கட்டுங்கள். பாதி திறந்த கதவும் யன்னலும் நெற்றியைப் பிளக்கும், முழுதாகத் திற அல்லது முழுதாகப் பூட்டு என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். படியின் விளிம்பில் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் அல்லது வெள்ளை பெயின்ற் அடியுங்கள். கதிரை, வாளி, மண்வெட்டி எதுவும் வைத்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

பூச்சிநாசினி, களைநாசினிப் போத்தல்களைப் பூட்டி வைக்க வேண்டும். மங்கிய கண்ணுக்கு லேபல் தெரியாது, நிறமும் பொய் சொல்லும். தேங்காய் எண்ணெய்ப் போத்தலுக்கு அருகில் அவை இருக்கவே கூடாது.

வெயில் ஏற ஏறப் பார்வை இறங்கும்

உறை சேதமான நரம்பு சூட்டில் இன்னும் மோசமாகச் செய்தி கடத்தும். உடல் சூடு சிறிதளவு ஏறினாலே போதும். ஜெர்மன் கண் வைத்தியர் உட்கொஃப் 1890இல் இதை எழுதினார், அதனால் அவர் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. காலை ஆறு மணிக்குக் கலண்டர் வாசித்தவர் பதினொரு மணிக்கு வயலில் இருந்து வந்து "ஒண்டும் தெரியேல்ல" என்பார். மாமியாரோ அயலோ "காலமை தெரிஞ்சது இப்ப தெரியேல்லயோ, நடிப்பு" என்று சொன்னால், அதற்கு எதிராக நிற்க வேண்டியது நீங்கள். இது நடிப்பல்ல. புதிய தாக்குதலும் அல்ல. உடல் குளிர்ந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள், பல நேரம் அதற்கும் முன்னமே திரும்பும். ஒரு நாளுக்கு மேல் திரும்பாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

பங்குனி முதல் புரட்டாதிவரை வன்னி வெயிலில் வேலை நேரத்தை மாற்றுவதுதான் வழி. வெளிவேலை காலை ஒன்பதுக்கு முன், பின்னேரம் நாலரைக்குப் பின். ஈரத்துவாயைக் கழுத்திலும் தலையிலும் சுற்றிக்கொள்ளட்டும். சுடுதண்ணீர்க் குளிப்பு வேண்டாம், கிணற்றுத் தண்ணீர் நல்லது. விறகடுப்புக்கு முன் தொடர்ந்து நிற்பதும் இதே வேலையைச் செய்யும். சமையலை இரண்டு தவணையாகப் பிரித்து, நடுவில் மரநிழலில் இருக்கவிடுங்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் ஆவணியில் மடுத் திருவிழாவுக்கும் போக விரும்பினால் தடுக்க வேண்டாம். வெயில் தாழ்ந்த பிறகு போய், சன நெரிசலில் கையை விடாமல் நின்றால் போதும்.

நடத்திச் செல்வதும் வீதியும்

அவரது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், பின்னால் நின்று தள்ளாதீர்கள். அவர் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்து அரை அடி பின்னால் வரட்டும். உங்கள் உடல் ஏறுவதையும் இறங்குவதையும் அவரது கை முன்கூட்டியே அறியும். ஒடுங்கிய வழியில் உங்கள் கையை முதுகுக்குப் பின்னால் மடக்குங்கள், அவர் தானாக நேர்பின்னால் வருவார். "கவனம், கவனம்" என்று கத்துவதில் எந்தச் செய்தியும் இல்லை. "இஞ்சேருங்கோ, முன்னால ஒரு படி, கீழ இறங்குது" என்றால் கால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். கதிரையில் இருத்தும்போது அவர் கையைக் கதிரையின் முதுகில் வையுங்கள், மீதியை அவரே செய்வார். விட்டுப் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள். ஆள் இல்லாத இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பதைப் போல ஒருவரைக் காயப்படுத்துவது குறைவு. நீங்களே செயற்கைக் காலோடு நடப்பவர் என்றால், உங்கள் உறுதியான பக்கத்துக் கையை அவருக்குக் கொடுங்கள்.

ஒரு கண் மட்டும் பாதித்தவருக்கு இன்னொரு ஆபத்து உண்டு. பாதித்த நரம்பு செய்தியைப் பிந்தி அனுப்புவதால், அசையும் பொருளின் தூரத்தை மூளை பிழையாகக் கணிக்கும். பார்வை 'ஆறுக்கு ஆறு' என்ற சாதாரண அளவுக்குத் திரும்பிய பிறகும் இது இருக்கலாம். ஏ9 வீதியில் வரும் பஸ் உண்மையில் நிற்கும் இடத்தில் தெரியாது. ஆகவே வைத்தியர் சொல்லும்வரை மோட்டார் சைக்கிளும் ரக்ரரும் வேண்டாம், சைக்கிளும் பெருவீதியில் வேண்டாம். நடக்கும்போது வாகனங்களை எதிர்நோக்கியபடி வீதியின் வலப்பக்கம் நடவுங்கள்.

சாப்பாடு, காசு, கடுதாசி

வெள்ளைக் கோப்பையில் வெள்ளைச் சோறு தெரியாது. வாழையிலை அல்லது கருநிறக் கோப்பை பாவியுங்கள், பால்தேத்தண்ணிக்கும் கருநிறக் கப். கோப்பையை மணிக்கூடாக நினைத்து "ஆறு மணியில சோறு, மூண்டில பருப்பு, பன்னிரண்டில மீன்" என்று சொல்லிப் பரிமாறுங்கள். மீனில் முள்ளை எடுத்தே வையுங்கள். தேத்தண்ணி ஊற்றும்போது கேத்தல் மூக்கைக் கப்பின் விளிம்பில் தொட்டுக்கொண்டு ஊற்றினால் வெளியே சிந்தாது. குத்துமதிப்பாக மேலிருந்து ஊற்றும்போதுதான் கை வேகும்.

இலங்கை நாணயத்தாள்கள் பெறுமதி கூடக் கூட நீளும். விரலிடுக்கில் வைத்து அளந்து பழகலாம். அதற்கிடையில் 1000 ரூபாவை இரண்டாகவும் 5000ஐ நான்காகவும் மடித்து வைத்தால் கடையில் ஏமாற மாட்டார். தொலைபேசியின் அணுகல்தன்மை அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கலாம். அன்ட்ரொயிட் போனில் ரோக்பக் என்ற வாசிக்கும் வசதியைத் தமிழிலும் பேசவைக்கலாம். நுண்கடன் கொப்பியோ காணிப் பத்திரமோ, யாராவது சத்தமாக முழுதும் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்கக் கூடாது. அவர் வாசிக்க முடியாத காலத்தில் உங்கள் சொல்லுக்காக வைக்கும் கையெழுத்தும் இதில் அடங்கும்.

எப்போது திரும்பும், எப்போது திரும்பிப் போக வேண்டும்

வழமையான அழற்சியில் பெரும்பாலானோருக்கு மூன்று கிழமைக்குள் பார்வை எழும்பத் தொடங்கும். ஒரு வருடம்வரை மெல்லக் கூடிக்கொண்டே போகும். அந்த 1992 ஆய்வில் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஒரு வருடத்தில் வாசிக்கவும் வேலை செய்யவும் போதிய பார்வை வந்தது. எழுத்து தெரிந்தாலும் நிறம் வெளிறியிருப்பது, மம்மலில் தடுமாறுவது, வெளிச்சம் கூசுவது மிஞ்சலாம். தையல் ஆலைக்கோ கடைக்கோ திரும்பும்போது முதல் மாதம் அரைநாள் கேட்டுப் பாருங்கள்.

ஐந்து கிழமையாகியும் அசைவே இல்லை, கண் நோவு இரண்டு கிழமைக்கு மேல் நிற்கிறது, குளிசை குறைக்கக் குறைக்கப் பார்வையும் குறைகிறது, மற்றக் கண் தொடங்குகிறது, கால் சோர்கிறது, சிறுநீர் போகவில்லை, விக்கல் நிற்கவில்லை. இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் திகதியைக் காத்திராமல் அன்றே போங்கள்.

நித்திரையின்றி, பேச்சின்றி, "நான் உங்களுக்குப் பாரம்" என்ற சொல் அடிக்கடி வந்தால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச்செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கும் பேசலாம். உங்களுக்கும் அது பொருந்தும். இரவு பகல் பார்க்கிறவருக்கு, கிழமையில் ஒரு அரைநாளாவது சகோதரியோ அயலோ வந்து நிற்க ஒழுங்கு செய்யுங்கள்.

ஆறு மாதம் கழித்தும் இரண்டு கண்ணிலும் பார்வை குறைந்தே நின்றால், கண் நிபுணரிடம் பார்வை அளவைக் குறித்த கடிதம் எடுத்து, கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு, வெள்ளைப் பிரம்பு, நடமாட்டப் பயிற்சி பற்றி அங்கேதான் கேட்க வேண்டும். மூலக் கடிதத்தைக் கொடுத்துவிடாமல் பிரதியைக் கொடுத்து, மூலத்தைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.